பன்னிரண்டு கமா ஐந்து

ஜேக்கப்ஸில் ஒரு பழைய இரும்புக் கடை.
அங்கே தராசுக்கு என் நிரல்.
பதினோரு வருஷம் முனகாமல் ஓடியது.
செவ்வாய்க்கிழமை ஒருவன்
பன்னிரண்டரைக் கிலோ செம்பு கொண்டுவந்தான்,
நூற்று இருபத்தைந்து கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு
விசிலடித்தபடி போனான்.

படையாச்சி போனில் கத்தவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.
"லோகேஷ்னி,
உன் தராசுக்குத் தாராள மனசு" என்றார்.

மேர்பாங்கில் என் மேசையில்
அதே எடையைப் பத்துமுறை போட்டேன்.
பன்னிரண்டரை. பன்னிரண்டரை.
'என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது'
என்று எழுதி, அழித்து,
மறுபடி எழுதி
நொல்வாசிக்கு அனுப்பினேன்.

"அப்படியானால் உன் கணினியைத் தூக்கி
அந்தக் கடையில் வை" என்றாள்.

குவாமஷுவில் ஆறிலிருந்து எட்டுவரை மின்வெட்டு,
எனக்கு எட்டிலிருந்து பத்து.
அவள் இருட்டிலிருந்து கேட்க
நான் வெளிச்சத்திலிருந்து உளறினேன்.
"நீ நினைக்கிறதைச் சொல்லாதே,
திரையில் இருக்கிறதைப் படி."
படித்தேன்.
"கடைசியாக என்ன மாறியது?"
ஒன்றுமில்லை.
"ஒன்றுமே?"
தராசுப் பக்கம் மட்டும் ஒரு புதுக் கணினி.
அவள் சிரிக்கவில்லை.
சிரிக்காமல் இருந்தது நன்றாகக் கேட்டது.

பைன்டவுனிலிருந்து ரைனார்ட்டை இழுத்தாள்.
பல் மருத்துவர்களுக்கு நிரல் எழுதுகிறவன்,
எதையோ மென்றுகொண்டே வந்தான்.
"தராசுக் கணினி எழுதுகிறது, காசாளர் கணினி படிக்கிறது.
நடுவில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தாயா?"
இல்லை.
இரண்டு நாளாக நிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அது எழுதிவைத்ததைப் பார்க்கவில்லை.

திறந்தேன்.
12,5
புள்ளி நிற்கவேண்டிய இடத்தில்
வாலோடு ஒன்று.

"பள்ளிக்கூடத்தில் எப்படி எழுதினாய்?" என்றான்.
கமா போட்டுத்தான்.
புள்ளி வைத்து சிவப்பு மையில் அடி வாங்கியிருக்கிறேன்.
புதுக் கணினிக்குத் தான் தென்னாப்பிரிக்காவில் இருப்பது தெரியும்.
காசாளர் கணினியை அமைத்தது நான்,
'அடுத்து, அடுத்து, அடுத்து' என்று
படிக்காமல் அழுத்தி.
அது இன்றுவரை அமெரிக்காவில் இருக்கிறது.
என்னுடையதும்தான்;
சுத்திகரிப்பு ஆலை நாற்றம் வரும் இந்த ஜன்னலோரம்
பதினோரு வருஷமாக அமெரிக்காவில்.
அங்கே கமா ஆயிரத்தைப் பிரிக்கிற கோடு,
எண்ணும்போது தாண்டிப் போகலாம்.
தாண்டிப் போயிருக்கிறது.

எட்டு மணிக்கு
இருட்டு அவள் வீட்டைவிட்டு என் வீட்டுக்கு வந்தது.
மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.
எழுதும்போதும் படிக்கும்போதும்
'எந்த நாடு என்று கணினியைக் கேட்காதே'
என்று இரண்டு வரி.
பன்னிரண்டரை, பன்னிரண்டரையாகவே போய்ச் சேர்ந்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம்.
பழைய ரசீதில் 1 250 ரேண்ட்,
அதில் போய் முட்டிக்கொண்டு நின்றது.
இடைவெளியை நீக்கச் சொன்னேன்,
நீக்கிவிட்டேன் என்றது,
இடைவெளி அங்கேயே இருந்தது.

"அது இடைவெளிதான் என்று யார் சொன்னது?"
நொல்வாசி இப்போது வெளிச்சத்தில்,
குரலே மாறியிருந்தது.
"அதன் எண்ணைக் கேள்."
முப்பத்திரண்டு வரும் என்று கேட்டேன்.
நூற்று அறுபது.
சாதாரண வெற்றிடம்போலவே உட்கார்ந்திருக்கிற
இன்னொரு வெற்றிடம்.
ரைனார்ட் மெல்லுவதை நிறுத்தினான்.
"இதற்கு நான் ஒரு டிசம்பரையே கொடுத்திருக்கிறேன்" என்றான்.
அவன் வீட்டில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்,
பிறகு இன்னொரு முறை.
என் யூபிஎஸ் சாகும்வரை அவன் போகவில்லை.

காலையில் படையாச்சியிடம் சொன்னேன்:
ஒரு கமா.
"ஒரு கமாவுக்கு நூற்றுப் பன்னிரண்டரைக் கிலோ செம்பா?"
அவர் கணக்கில் தவறில்லை.

செம்பு கொண்டுவந்தவன் திரும்பி வரவில்லை.
ஆனால் சனிக்கிழமை
கடை திறக்குமுன் வாசலில் ஒன்பது பேர் நின்றார்களாம்,
எல்லார் கையிலும் செம்பு,
எல்லாருக்கும் அந்தத் தராசுதான் வேண்டுமாம்.