அளவு ஜாக்கெட்

ஷார்ஜாவிலிருந்து கொழுந்தன் திருமூர்த்தி பேசினான்.
எம்பிராய்டரி மிஷினுக்கு ஒரு சாஃப்ட்வேர், அண்ணி.
இங்கே பதினோராயிரம் வருது,
இந்தியாவில் எடுத்தால் ரெண்டாயிரத்து நானூறு.
சாமான் ஒண்ணுதான். ஊர்தான் வேற.

இதில் என்ன அதிசயம்.
கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து
பத்துக் கடை இந்தப்பக்கம் என் தையல்கடை.
அந்தப்பக்கம் கூவி விற்கிற லாட்டரிச் சீட்டை
இந்தப்பக்கம் விற்றால் போலீஸ் பிடிக்கும்.
பெட்ரோலுக்கு அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை.
வண்டியைத் தள்ளிக்கொண்டாவது
மலிவான பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

ராத்திரி ஜிபேயில் கட்டினேன்.
இருபத்தைந்து எழுத்தில் ஒரு சாவி வந்தது.
ஒவ்வொன்றாகப் படித்தேன்.
ஓ-வா சைபரா என்று மூன்று தடவை கேட்டான்.
கடைசியில் அவன் திரையில் ஒரு வரி:
இந்தச் சாவி உங்கள் பகுதியில் செல்லாது.
பணம் திரும்பாது என்பது அதற்கும் கீழே,
பொடி எழுத்தில்.

எந்தச் செக்போஸ்ட் அது.
மூங்கில் இல்லை, காக்கி இல்லை,
ஐம்பது ரூபாயை மடித்துக் கொடுக்க
ஒரு கைகூட இல்லை.

தூக்கம் வரவில்லை. காசு போனதற்கு அல்ல.
எங்கேயோ ஒருத்தன் டேப் பிடித்து
என் சுற்றளவை எடுத்திருக்கிறான்.
இந்த ஊர்க்காரிக்கு இவ்வளவுதான் முடியும்,
பின்னால் பிரித்துவிட
அரை இஞ்ச் உள்ளே விடு.
சரியாகத்தான் எடுத்திருக்கிறான்.
அதுதான் உறுத்தியது.

மறுநாள் மாசாணி வந்தாள்,
கொப்பரைக் களத்தில் பருப்புத் தோண்டுகிறவள்.
மஞ்சப்பையிலிருந்து எடுத்தது
மயில்கழுத்துப் பட்டுத்துணி.
எனக்குத்தானுங்க, என்றாள். எப்பவும் தர்ற கூலிதானே?

எப்பவும் தருகிற கூலி நூற்றியெண்பது.
கொழிஞ்சாம்பாறை பிரசீதா டீச்சருக்கு நானூற்றைம்பது.
அதே கத்தரி, அதே நூல், அதே லைனிங்.
வாசலில் கழற்றும் செருப்பைப் பார்த்தே
சொல்லிவிடுவேன் விலையை.

அளவு ஜாக்கெட்டை விரித்தேன்.
நான் தைத்ததுதான், போன ஓணத்துக்கு.
இடது தோள் கால் இஞ்ச் இறக்கம்:
பரீட்சைப் பேப்பர் சுமக்கிற தோள்.
மாசாணி சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
டீச்சர் அவளுக்கு எவ்வளவு தருவதாகச் சொன்னாரோ,
ஐம்பதோ, நூறோ.

அந்த ஒரு வரி
என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன்.
மறுபடி போட்டுக்கொண்டேன்.

எப்ப வேணும், என்றேன்.
வெள்ளிக்கிழமை, என்றாள் காலண்டரிடம்.

நோட்டில் மாசாணி என்று எழுதிவிட்டேன்.
கூலிக் கட்டத்தில் பேனா
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.