பண்டாரியின் கணக்கு

எஞ்சின் நின்ற மூன்றாம் நாள்
மங்களசாமி கையைத் துடைத்தபடி மேலே வந்தார்.
எதுவும் சொல்லவில்லை.
பெரிய பாயை ஏற்றினோம்.
துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி
அது தொங்கியது.
மாலே பின்னால், நாகப்பட்டினம் முன்னால்,
நடுவில் சித்திரை மாதம்.

அன்றைக்கே தண்டல் மிக்கேல்ராசு
தண்ணீர்த் தொட்டியைப் பூட்டி
சாவியை என் பச்சை பெல்ட்டில் மாட்டச் சொன்னார்.
ஒன்பது பேர், ஆளுக்கு மூன்று செம்பு.
குளிக்கக் கடல், கழுவக் கடல்,
சோற்றுக்குப் பாதி கடல்
(உப்புப் போடும் வேலை மிச்சம்).
இருபத்தேழு, இருபத்தேழு என்று
தூக்கத்தில் நான் முனகுவதாகக் குணசீலன் சொன்னான்.

காலையில் கட்டன் சாயா.
மதியம் சோறு, மாசிச் சம்பல்.
ராத்திரி, மதியச் சோறு, மதியச் சம்பல்.
மாசி மூட்டையை விற்கக் கொண்டுபோகிறோமா
தின்று தீர்க்கவா என்று கேட்டான் அவனே.
சிரிக்கத் தெம்புள்ளவர்கள் சிரித்தார்கள்.
நீவாடு எங்களைப் பின்னால் இழுத்த நாளில்
முந்தாநாள் சமைத்த அதே இடத்தில்
மறுபடி உலை வைத்தேன்.

ராக்காவல் ஆளுக்கு இரண்டு மணி நேரம்.
தூரத்தில் கப்பல் வந்தால் நிறம் பார்க்க வேண்டும்.
சிவப்பு மட்டும், விலகிப் போகிறது.
பச்சை மட்டும், அதுவும் விலகல்தான்.
இரண்டும் சேர்ந்து தெரிந்தால்
நேராக நம் மேல்.
அப்போது டார்ச்சைப் பாயில் அடிப்போம்.
இருட்டில் திடீரென்று
ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும்.
கீழே ஆள் இருக்கிறோம் என்று சொல்ல
எங்களிடம் இருந்த ஒரே சொல் அது.
கப்பல் போய் வெகுநேரம் கழித்து
அதன் அலை வந்து பானையைக் கவிழ்க்கும்.

எட்டாம் நாள் கணக்கில் ஒரு செம்பு குறைந்தது.
ஒன்பதாம் நாளும்.
மற்றொரு சாவி தண்டலிடம்தான் உண்டு.
பத்தாம் நாள் ராத்திரி தூங்குவதுபோல் கிடந்தேன்.
அவர் குடிக்கவில்லை.
உள்ளங்கையில் ஏந்தி ஏந்திக் கண்ணைக் கழுவினார்.
உப்பும் வெயிலும் தின்ற கண்,
இரண்டு மாம்பழக் கொட்டை போலச் சிவந்து.
என்னைத் தாண்டிப் போகையில்
என் காலை மிதித்தார். பார்க்கவில்லை.
நோட்டில் எழுதினேன்:
கசிவு, ஒரு செம்பு.

பதினோராம் நாள் விடியலில்
பிடரியில் யாரோ ஊதினார்கள்.
கச்சான்.
பாய் விம்மிய சத்தத்தில்
மங்களசாமி எழுந்து எஞ்சினைத் திட்டினார்.

மறுநாள் பொழுது சாய உப்புத்தண்ணித் தீவு.
அதன்பின் நல்லதண்ணித் தீவு.
அந்தப் பெயரைக் கேட்டதும்
பக்கத்தில் எவனோ எச்சில் விழுங்கியது கேட்டது.
இருட்டியதும் தண்டல் மெல்லக் கேட்டார்,
"பண்டாரி, உங்க ஊர்ப் பக்கந்தானே இது?
சும்மா பக்கத்துல நில்லு."
நின்றேன்.
பார் எங்கே வெளுக்கிறது,
வலைமிதவை எங்கே மினுங்குகிறது,
சொல்லச் சொல்ல அவர் சுக்கானைத் திருப்பினார்.
என் கண், அவர் கை.

வாலிநோக்கம் வந்தது. என் ஊர்.
டவர் எட்டியதும்
சட்டைப்பையில் போன் துடிக்கத் தொடங்கியது.
பன்னிரண்டு நாள் செய்திகள்
பிடித்த மீன்போல நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தன.
எடுக்கவில்லை.
வலது பக்கம் மிதவை, என்றேன்.
கொஞ்சம் இடது, என்றேன்.
என் தெரு விளக்குகளில் எது என்னுடையது என்று
பிரித்துப் பார்ப்பதற்குள்
ஊர் பின்னால் போய்விட்டது.
அப்பா தீவு என்றேன். கீழக்கரை விளக்கு என்றேன்.

பாம்பனில் நங்கூரம் போட்டு,
பாலம் திறக்கக் காத்திருக்கையில்தான் பார்த்தேன்.
சார்ஜ் நான்கு சதவீதம்.
பல்கீசு அனுப்பியதில் கடைசியானது:
"ஆறு நாளா தண்ணி லாரி வரல.
ஆளுக்கு ஒரு குடம்னு எண்ணி வச்சிருக்கேன்.
ஒங்க மக ராவுல எந்திரிச்சு மோந்துடுறா.
திட்டவா வேணாமா?"

வேணாம், என்று எழுதினேன்.
குடத்துக்கு மூடி போடு.
போனதா தெரியவில்லை, திரை அணைந்துவிட்டது.

பாலம் நாளைக்கும் திறக்காதாம்.
தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்தேன்,
நாலு விரல்.