சாயமில்லாமல்

கோத்தகிரி ஏழு மணி வண்டியைக்
கட்டபெட்டு வளைவில் ஒரு காட்டெருமை நிறுத்திவைத்ததாம்.
ஹேமாவதி ஸ்வெட்டருக்குள் கைவிட்டு
வயிற்றோடு ஒட்டிவைத்திருந்த டப்பாவை எடுத்தாள்.
ஐம்பத்தெட்டு நிமிடம். இரண்டு மிச்சம்.
மூடியில் போஜராஜ் என்ற பெயர்
வேர்வையில் பாதி கரைந்திருந்தது.

"இலை வந்து குவிஞ்சு கெடக்கு, அவருக்கு லீவு இல்ல மேடம்.
போன தடவ கோயம்புத்தூர்ல
கொன்னுட்டுத்தான் பாத்தாங்களாமே.
இதையும் கொல்லுவீங்களா?"

நானும் கொன்றிருக்கிறேன், எட்டு வருடம்.
கண்ணாடியில் இழுத்து, காயவைத்து,
ஊதாவில் முக்கி, கழுவி,
தலை நீள்வட்டமா, வால் ஒன்றுதானா என்று
பிணங்களிடம் கேட்டு எழுதிய அறிக்கைகள்.

இன்று தட்டின் சூடு முப்பத்தேழு.
வெளியே குன்னூர் ஒன்பது.
சன்னலில் மஞ்சு; பூங்கா மரங்களுக்கு நிறமே இல்லை,
இருந்தும் எது யூகலிப்டஸ் என்று தெரிகிறது.

விளக்கைக் குறைத்து, இன்னும் குறைத்து
(வெளிச்சமும் சுடும்)
துளிக்குள் அனுப்புகிறேன்.
நீருக்குள் நீர்போல ஒன்று.
ஆனால் அதன் தலையைக் கடந்த ஒளி
பக்கத்து ஒளியைவிட ஒரு இம்மி பிந்தி வருகிறது.
அந்தப் பிந்தலை அளந்துதான்
கணினி மேடும் பள்ளமும் வரைகிறது,
தொட்டபெட்டாவுக்கு வரைபடம் போட்டதுபோல,
மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கு.

நீந்துபவை பதினொன்று.
ஒன்று முளையில் கட்டிய கன்றாக வட்டமடிக்கிறது.
ஒன்றுக்கு வால் அசைகிறது, வழி நகரவில்லை.
ஏழாவதுக்கு நெற்றியில் குழி இல்லை.
ஒரு சொடுக்கு, திரையின் வலது ஓரம் தாண்டிவிட்டது.
தட்டை நகர்த்திப் பின்னாலேயே போனேன்.

மின்சாரம் போனது.
யுபிஎஸ் கூவியது, திரை பிழைத்தது, சூடேற்றி பிழைக்கவில்லை.
முப்பத்தாறு புள்ளி எட்டு. ஏழு. நான்கு.
உள்ளங்கைகளை உரசி
தட்டின் இருபுறமும் குவித்துக்கொண்டேன்.
பதினான்கு வருட அனுபவம், முதுகலைப் பட்டம்,
அடுப்பில்லாத வீட்டில் குளிர்காய்கிறவள் மாதிரி.
யாரும் பார்க்கவில்லை.

நாலு நிமிடத்தில் வந்தது.
ஏழாவது கொஞ்சம் தளர்ந்து, பிறகு
பழைய வேகத்துக்குத் திரும்பியது.

பெஞ்சில் ஹேமாவதி.
கை இன்னும் ஸ்வெட்டருக்குள்,
அங்கே டப்பா இல்லை என்பதை மறந்து.

"பாத்துட்டீங்களா?"
"பாத்துட்டேன்."
"அது?"
"ஒன்னும் ஆகல. போய்க்கிட்டு இருக்கு."