நான்காம் எண் ஜன்னல்

கோர்ச்சா நகரப் பதிவு அலுவலகத்தில்
நான்காம் எண் ஜன்னல் என்னுடையது.
கண்ணாடியில் ஓர் அரைவட்ட ஓட்டை,
கை மட்டும் நுழையும் அளவு.
பதினேழு வருடம் அதன் வழியாக
மனிதர்களை மணிக்கட்டு வரைக்கும்தான் பார்த்தேன்.

லஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை.
‘ஒரு காபிக்கு’ என்பார்கள்.
ஐந்நூறு லெக் நோட்டு படிவத்துக்குள் மடிந்து கிடக்கும்.
சிலர் வால்நட் தருவார்கள்.
ஒரு ஜனவரியில், உயிரோடு ஒரு சேவல்.
கோப்பு அலமாரிக்குள் வைத்திருந்தேன்,
முத்திரை குத்தும்போதெல்லாம் கூவியது.
தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
நான் தேனடையையே வீட்டுக்குக் கொண்டுபோனவன்.

பிறகு உத்தரவு வந்தது:
எல்லாம் இனி இணையத்தில்.
தச்சன் வந்து ஜன்னலுக்குப் பலகை அடித்தான்.
ஒவ்வோர் ஆணிக்கும் ஒருமுறை
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
அவன் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு
மூன்று காபி ஆகியிருந்தது.

ஓய்வுபெற்ற பின் ஓர் இரவு
அப்பாவின் இறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது.
அடையாள எண். கடவுச்சொல். ஒரு சொடுக்கு.
தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது,
முத்திரையோடு, கையெழுத்தோடு,
யாருடைய பெருமூச்சும் இல்லாமல்.

வெளிச்சமான அந்தத் தாளின் முன்
நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஸூஹ்ராவை நான்கு வாரம் அலையவிட்டது
இதே தாளுக்குத்தான்.
செத்துப்போன கணவனின் ஷூவைப் போட்டுக்கொண்டு
பனியில் நடந்து வருவாள்.
‘கோப்பு தலைநகரில் இருக்கிறது’ என்பேன்.
கோப்பு என் முழங்கைக்கு அடியில் இருந்தது.

அதற்காக ஊர் திருந்திவிட்டது என்று
எழுத மாட்டேன்.
பேருந்து நிலையத்தில் செல்போன் கடை லெதியோன்
படிவம் நிரப்ப முந்நூறு லெக் வாங்குகிறான்.
பாதி ஊரின் கடவுச்சொற்கள்
அவனுடைய நீல நோட்டில் தூங்குகின்றன.

என் தோட்டத்து எல்லைக்கு
நானும் விண்ணப்பித்தேன்.
பத்தொன்பது நாள் ‘பரிசீலனையில்’.
யாரிடம் கொடுப்பது என்று
பழகிய கை தன்னால் துழாவியது.
திரையில் ஓட்டை இல்லை.

இருபதாம் நாள் நில அளவையாளர் பெத்ராக்
நேரில் வந்தார்.
மண்ணைத் திரையில் அளக்க முடியாதே.
நாடாவை நீட்டினார், சுருட்டினார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
‘கோடு கொஞ்சம் தெளிவில்லாமல் இருக்கிறது’ என்றார்.
‘வீட்டில் காபி இருக்கிறதா?’

அதற்குப் பின் வரும் மௌனத்தின் நீளம்
எனக்கு நாடா இல்லாமலே தெரியும்.

எழுந்து போனேன்.
செம்புக் கிண்ணியில் நீர், இரண்டு கரண்டி தூள்,
சர்க்கரை, நுரை பொங்கும்வரை தீ.
அவர் முன் வைத்தேன்.
குடித்தார்.
கோப்பையைத் தட்டில் ஒருமுறை சுழற்றினார்.
காத்திருந்தார்.

இன்னொரு காபி போடட்டுமா
என்று கேட்டேன்.