இருபத்தேழாம் வரி

இந்த சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று
செய்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.
வாசலில் நின்று விசாரிக்கலாம், அவ்வளவுதான்:
இவ்வளவு இழுத்தால் எவ்வளவு கொடுப்பாய்,
இவ்வளவு தள்ளினால் எவ்வளவு வாங்குவாய்.
பதில்களை அடுக்கினால் அதற்குப் பெயர் மாடல்.

கப்பலூர் சிட்கோ, இரண்டாம் மாடி.
முத்திருளாண்டி எட்டாம் காலில் ஊசியை வைக்க
நான் வோல்ட்டைத் திருகுகிறேன்,
மைனஸ் மூன்று புள்ளி மூன்றிலிருந்து
ஆறு புள்ளி ஆறு வரை.
தொட்டதும் எடுத்துவிட வேண்டும், கருகிவிடும்.
"அது அங்கிட்டெல்லாம் போகவே போகாதேக்கா."
போகும்.
கம்பியின் கடைசியில் வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால்
அனுப்பிய சொல் திரும்பி வந்து
அனுப்பியவன் வாயிலேயே அடிக்கும்.

வெக்கைக்கு ஒரு ஹேர் டிரையர் போதுமாயிருந்தது.
குளிருக்குத்தான் வழியில்லை.
கரிமேட்டு மீன் ஐஸ், இரண்டு படி கல்லுப்பு,
பாலித்தீன் பைக்குள் போர்டு.
மைனஸ் பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை.
படிவம் மைனஸ் நாற்பது கேட்டது.
பதினொன்று என்றே எழுதினேன்.
அன்று முழுக்க அறையில் நெத்திலி வாசம்.

பிறகுதான் அந்த வரி, இருபத்தேழு.
ஏறிக்கொண்டே வந்த மின்னோட்டம்
அந்த ஓரிடத்தில் மட்டும் ஒரு நூல் இறங்கி ஏறுகிறது.
சிமுலேட்டர் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது.
"இழைச்சு விட்டுருங்க," என்றார் தனுஷ்கோடி சார் போனில்.
"ஒத்தப் புள்ளி. யாரு பாக்கப்போறா?"

இழைத்தேன். ஓடியது.
அலை நெட்டுக்குத்தாய் எழுந்து
அப்படியே நேராக நின்றது,
பிரேக் போட்டும் ஒருத்தரும் முன்னால் சாயாத
டவுன்பஸ் மாதிரி.
அப்படி ஒரு பஸ்ஸில்
நான் பெரியார் நிலையத்துக்குப் போனதே இல்லை.

மறுபடி அளந்தோம். ஊசியை மாற்றி,
வயரை மாற்றி, மூன்றாவது சிப்பில்.
அங்கேயேதான் இறங்கியது.
முத்திருளாண்டி பையிலிருந்த ஐஸ்தண்ணீரை
வாஷ்பேசினில் கொட்டிக்கொண்டே சொன்னான்:
"அதுக்கு அங்கன என்னமோ இருக்குக்கா."

என்னவென்று எனக்குத் தெரியாது.
பழைய எண்ணைத் திரும்ப வைத்தேன்.
காலத்தை இன்னும் பொடியாக நறுக்கச் சொன்னேன்.
பதினொன்றரை மணி. நாற்பது சதவீதம்.
நாற்பத்தொன்று.

ஜன்னலுக்குக் கீழே நாலுவழிச் சாலையில்
தூத்துக்குடி லாரி ஒன்று
சுங்கச்சாவடி வரிசையின் கடைசியில்
மூச்சை விட்டு, குலுங்கி,
இன்னொரு முறை
கொஞ்சமாய்க் குலுங்கி
நின்றது.