லைனில் இரைச்சல்

இன்றைக்கு அம்மாவுக்கு நல்ல நாள்.
பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத்
தானே தின்றாள்.
குளிசையைத் துப்பவில்லை.
கேற்றடியில் வந்து நின்ற இரண்டு மான்களைப் பார்த்து
"உதுகளுக்கு நம்பர் குடுத்தாச்சோ?" என்றாள்.
குடுத்தாச்சு என்றேன்.

நேற்று அப்படியில்லை.
கிணற்றடியில் வைத்துக் கையைக் கடித்தாள்.
பல்லுக்கட்டு கழற்றி வைத்திருந்தது,
தப்பினேன்.
"ஆரடா நீ, பொம்பிளையள் குளிக்கிற இடத்தில?"
நான் கண்ணை மூடிக்கொண்டு வார்த்தேன்.
பாதித் தண்ணீர் என் சறத்தில்.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஜெஸீமா ராத்தா
அடுப்பை நிறுத்திவிட்டு வந்தா.
"தள்ளுங்க தம்பி,
எங்கட உம்மாவ ஏழு வருசம் பாத்த கை இது."
ராத்தா தலை துவட்டிவிட
அம்மா பூனை மாதிரி இருந்தாள்.
எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

முப்பத்தொரு வருசம்
தபால் கந்தோரின் மேல்மாடியில்
காதில் கருவியும் கையில் வயர்களுமாய்
மூதூரையும் கிண்ணியாவையும் கொழும்பையும்
முடிச்சுப் போட்டவள்.
இந்த ஊரின் சாவுச்சேதியெல்லாம்
முதலில் அவள் காதைத் தொட்டுத்தான் போனது.
ஒன்றையும் வெளியில் சொன்னதில்லை,
அப்பாவிடம்கூட.
இப்போது அவிழ்ந்து கொட்டுகிறது.
சோறு தீத்தும்போது, ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில்,
ஓவசியர் ஒருவர் ஒரு ரீச்சருக்கு
அழுது அழுது சொன்னது முழுவதும்,
பேரோடு.
அந்த ஓவசியரின் பேரன்தான்
எங்கள் சந்தியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.
பம்பர்ஸ் வாங்கும்போது
நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன வெள்ளி
ஆமைப்பூட்டைப் போட மறந்தேன், பத்தே நிமிசம்.
மீன் சந்தை, பஸ் ஸ்டாண்ட்,
டச்பே மணலில் நண்டு தோண்டும் பொடியன்கள்,
ஒருத்தரும் காணவில்லை.
கடலைப் பார்க்கப் பயமாயிருந்தது, பார்க்காமலே ஓடினேன்.
கடைசியில் மத்திய வீதியில் ஒரு போன் கடை.
கவுண்டருக்குப் பின்னால் சுழல் கதிரையில் அம்மா.
மடி நிறைய சார்ஜர் வயர்,
ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துளையாய்ப் பொருத்திப் பார்க்கிறாள்.
கடைக்காரப் பொடியன் சொன்னான்:
"அன்ரி டியூட்டில இருக்கிறா அண்ணை,
முடியட்டும், குழப்பாதேங்கோ."
அவனுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வதனியக்கா ஞாயிறுகளில்
கனடாவிலிருந்து வீடியோவில் வருவாள்.
அம்மா முகத்தைப் பார்ப்பதில்லை,
போனைக் காதில் வைத்துக் கொஞ்சநேரம் கேட்பாள்.
"லைனில இரைச்சல்" என்று திருப்பித் தருவாள்.
அக்கா அழுகிற சத்தம் அது.

நேற்றிரவு இரண்டு மணி.
விரிப்பு, சுவர், அவள் விரல்கள்,
எல்லாவற்றிலும்.
சுத்தமாக்கி முடித்துப் படுக்க, திரும்பவும்.
அப்போது கத்தினேன்.
விட்ட வேலையைச் சொல்லிக் கத்தினேன்,
விட்டுப் போனவளைச் சொல்லிக் கத்தினேன்,
பிறகு ஒரு மகன் சொல்லக்கூடாததையும்.
பக்கத்து வீட்டில் லைற் எரிந்து அணைந்தது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
காதோர மயிரை ஒதுக்கினாள்.
எத்தனையோ வருசமாய் நான் கேட்காத
அந்தக் கந்தோர்க் குரலில் சொன்னாள்:
"மூன்று நிமிடம் முடிந்தது.
தொடர்ந்து கதைக்கிறீர்களா?"

தூரத்தில் மா ஆலையின் விளக்குகள்
உள்துறைமுகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

"இல்லை" என்றேன். "வைக்கிறன்."

"காசு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

எதையோ எழுதிக்கொண்டாள், காற்றில்.
பிறகு படுத்துவிட்டாள்.

விரிப்பைத் தோய்த்து வேலியில் போட்டிருக்கிறேன்,
இன்னும் காயவில்லை.
அந்த இரண்டு மானில் ஒன்று
அதன் ஓரத்தைச் சப்பிக்கொண்டு நிற்கிறது.
விரட்ட எழும்ப வேண்டும்.