இரண்டாம் இயக்குநர்

எடைமேடைக் கிராணிக்கு
ஏமாற்றுகள் எல்லாம் அத்துபடி.
குலைகளுக்கடியில் ஈரமணல் ஒளித்துவரும் லோரி,
மேடையேறும்போது இறங்க மறக்கும் உதவியாள்.
இருபது கிலோ கூடினால்
எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அப்படிப்பட்ட நான்தான்
சுங்கை கெலுபிப் பட்டணத்து டயர்க்கடை மாடியில்
கதவில் பெயர் மட்டும் இருந்த ஒரு கம்பெனிக்கு
ஆறு வருடம் இயக்குநர்.
லியூ பென்சிலால் பெருக்கல்குறி போட்ட இடத்தில்
கையெழுத்து. மாதம் முந்நூறு வெள்ளி.
மகளின் டியூஷனுக்கு ஆயிற்று.

நேற்று இருவர் வந்தார்கள்.
புத்ராஜெயாவிலிருந்து ஸுல்கர்னாய்ன்,
இரண்டு கடல் தாண்டி ஃபத்மாத்தா.
அரசுக்கும் அரசுக்கும் நடுவே
அவளுடைய கடிதம் நடந்துவந்தது பத்தொன்பது மாதம்.
"ஒரு முத்திரை மாறிவிட்டது," என்றாள்,
"மறுபடி முதலிலிருந்து."
அதற்குள் அமைச்சரின் மகன் கப்பலை விற்றுவிட்டான்.

தாளைத் திருப்பினாள்.
பதினோரு மில்லியன்.
அடியில் பொழிலன்.
ழகரத்தின் சுழிகூட என்னுடையதே.

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றேன்.
ஸுல்கர்னாய்ன் அதையும் எழுதிக்கொண்டான்.
"தெரியாமலிருக்கத்தானே முந்நூறு வெள்ளி?"
அவள் குரலில் கோபம் இல்லை.
இருந்திருக்கலாம்.

எதற்கான பணம் என்று கேட்டேன்,
ஆறு வருடம் பிந்தி.
ஆற்றோர மாவட்டமொன்றில் குடிநீர்க் குழாய்கள்.
கோப்பில் பதித்து முடித்தாயிற்றாம்.
திறப்புவிழா ரிப்பனுக்குக்கூட ரசீது இருக்கிறது.

தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.
சன்னலுக்கு வெளியே செம்பனை வரிசைகளையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்கள் பக்கம் இது தானாக முளைக்கும்.
இப்படி அணிவகுத்து நின்று பார்த்ததில்லை."
அங்கிருந்து வந்த மரந்தான் இது என்றான் ஸுல்கர்னாய்ன்,
பள்ளியில் படித்த ஞாபகத்தில்.
"மரம் வந்த வழி தெரியும்," என்றாள்.
"பணம் வந்த வழி கேட்கத்தான்
உங்களிடம் வந்தேன்."

வாக்குமூலம் ஒன்பது பக்கம்.
பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
பென்சில் குறி இல்லாத தாளில்
எங்கே போடுவதென்று தடுமாறியது கை.

என்மேலும் வழக்கு வரலாம்.
லியூ போனை எடுக்கவில்லை.
பணம் எந்தத் தீவில் உறங்குகிறதோ,
அதை எழுப்ப
இன்னும் எத்தனை தலைநகரங்களில்
எத்தனை முத்திரையோ.
நம்பர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள்.
எடைச்சீட்டின் பின்புறத்தில் இருக்கிறது.

இன்று காலை முதல் லோரி:
பன்னிரண்டாயிரத்து நானூற்று அறுபது.
இருமுறை பார்த்தேன். சரிதான்.
இருந்தும் இறங்கிப்போய்
குலைகளுக்கடியில் கையைவிட்டேன்.
"என்ன கிராணி, இன்னிக்குப் புதுசா?"

மணல் இல்லை.
முள் மட்டும் கீறிற்று.